மூன்று சதவீதத்துக்கு விற்ற வாக்கியம்

ஏஜென்சிக்காரர் எங்கள் கஞ்சியை ஒரு கரண்டி வாயில் ஊற்றி, இரண்டு சுற்றுச் சுழற்றி, மேசைக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையில் துப்பினார். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டே, "டேஸ்ட்டு ஒண்ணும் பெருசா இல்லம்மா. ஆனா கலரு கீது. கறுப்பா, மருந்து மாதிரி. விக்கும்" என்றார்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டி, ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் நேற்றைய பிரியாணி வாசனை போகவில்லை. அதன்மேல் யாரோ மல்லிகை ஸ்பிரே அடித்திருந்தார்கள். நானும் என் ஓரகத்தியும் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தோம். அவள் விடியற்காலையில் எழுந்து காய்ச்சி, ஃபிளாஸ்கில் ஊற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த கஞ்சி அது. அவர் துப்பிய சத்தம் கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டு ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினாள். நான் குனியவில்லை. சிரித்தேன். 'சார் சொல்றது சரிதான்' என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. பதினாறு வருஷம் சிறுசேரியில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டது.

அங்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு நாள் காலை வீடியோ காலில் கால் மணி நேரம் பேசி என்னை அனுப்பிவிட்டார்கள். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் மேல் மாடியில் நாங்கள், கீழே கொழுந்தனார் குடும்பம். வேலை போன பிறகு பகல் முழுக்கக் கீழேதான் இருந்தேன். ஓரகத்திக்கு முப்பத்து நான்கு வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. கருப்பு கவுனி அரிசி, பச்சைப்பயறு, வெந்தயம், சீரகம், சுக்கு எல்லாம் தனித்தனியாக வறுத்து அரைத்து, தனக்கென்று ஒரு கஞ்சி மாவு வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கும் கொடுப்பாள். சும்மா இருந்த நான் அதற்கு ஒரு பெயர் வைத்தேன், பாக்கெட் டிசைன் செய்தேன், வாட்ஸ்அப்பில் போட்டேன். இப்படித்தான் தொழில் ஆனது.

பாக்கெட் விஷயத்தில் எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டவள், ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொன்னாள். பின்பக்கம் இப்படி எழுத வேண்டும்: 'இது உணவு, மருந்து அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.' அவளுக்கு அது வெறும் எழுத்தல்ல. ஐந்து வருஷத்துக்கு முன்னால், யாரோ ஒருவர் விற்ற இலைச்சாற்றை நம்பி நாற்பது நாள் மாத்திரையை நிறுத்தியிருந்தாள். காலில் புண் வந்து, குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வலது காலில் சுண்டுவிரல் இப்போது இல்லை. செருப்புப் போட்டால் லேசாகச் சாய்ந்துதான் நடப்பாள்.

போட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தைச் சுற்றியுள்ள சிறு தொழில்காரர்களுக்காக ஒரு சங்கம் நடத்தியது. எட்டு அணிகள், ஆறு வாரம். நாமே நேராக விற்கக் கூடாது. அவர்கள் பட்டியலில் உள்ள ஏஜென்சி ஒன்றோடு பேசி, கமிஷன் முடிவு செய்து, அவர்கள் மூலமாகத்தான் விற்க வேண்டும். விற்பனைக்குப் பாதி மதிப்பெண். கமிஷனை எவ்வளவு குறைவாகப் பேசி முடிக்கிறோமோ அதற்குக் கணிசமான மதிப்பெண். முதல் பரிசு, புறநகர் முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு வருஷத்துக்கு ஒரு அலமாரி. அந்த அலமாரியை நினைத்து எனக்குப் பகலிலேயே கனவு வந்தது.

உணவுப் பொருளுக்குப் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு ஏஜென்சி. ஆகவே நாங்களும், பம்மல் பக்கத்திலிருந்து சிறுதானிய மால்ட் செய்துகொண்டு வந்த ஒரு கணவன் மனைவியும், இதே மனிதரிடம்தான் போக வேண்டியிருந்தது. போட்டி எங்களுக்குள், நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தின்றவர் அவர்.

முதல் நாள் அவர் முப்பது சதவீதம் கேட்டார். நாங்கள் பதினைந்து என்று தீர்மானித்துக்கொண்டு போயிருந்தோம். சொன்னேன். அவர் நான் கொடுத்த விசிட்டிங் கார்டை எடுத்து, அதன் மூலையால் கடைவாய்ப் பல்லைக் குத்த ஆரம்பித்தார்.

"நீங்க இப்ப குந்திகினு கீற எடம் இன்னா தெரியுமா? எங்க தாத்தா வேர்க்கடல போட்ட எடம். இந்த ஏரியாவுல எந்த வூட்ல யாருக்கு இன்னா சீக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் காசு. பதினஞ்சுக்கு நீங்களே தெருத் தெருவா போய் வித்துக்கலாம்."

"நேரா விக்கக் கூடாதுன்னு ரூல் சார்."

"அதான் தெரியுமே" என்று சிரித்தார். குத்தி எடுத்ததை ஒரு தடவை பார்த்துவிட்டு கார்டை மேசை ஓரத்தில் வைத்தார். அதில் என் பெயரும் ஓரகத்தி பெயரும் இருந்தன.

இரண்டாம் முறை போனபோது உள் அறையில் பம்மல்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தோம். அவர்கள் வெளியே வரும்போது அந்த அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். இரண்டு பேருமே கையில் வைத்திருந்த பையை மறைத்துக்கொண்டோம். நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்த உடனே ஏஜென்சிக்காரர், கேட்காமலே, அவர்கள் எவ்வளவு சொன்னார்கள் என்று சொன்னார். இருபத்தாறு. எங்கள் எண்ணையும் இப்படித்தான் அவர்களிடம் சொல்வார் என்று அந்த நிமிஷமே புரிந்தது. புரிந்தும், "அப்போ எங்களுக்கு இருபத்து நாலு சார். அவங்களவிட எங்க பாக்கெட் விலை அதிகம், உங்களுக்குக் கையில நிக்கறது அதிகம்" என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் புருவத்தை உயர்த்தி, எண்ணைக் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஓரகத்தி, "அக்கா, அவங்க சொன்னதை அவரு நம்மகிட்ட சொல்லலாமா?" என்றாள்.

"பிசினஸ்னா அப்படித்தான்" என்றேன். அந்த வார்த்தையை வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் சொன்னேன். சொல்லும்போது நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மூன்றாம் முறை தனியாகப் போனேன். அன்று ஓரகத்திக்குக் கண் பரிசோதனை. ஏஜென்சிக்காரர் பேப்பரில் வெங்காய பஜ்ஜி வைத்துத் தின்றுகொண்டிருந்தார். எங்கள் பாக்கெட்டைத் திருப்பி, எண்ணெய் விரலால் பின்பக்க வாக்கியத்தின்மேல் தடவினார். எழுத்துகள் பளபளத்தன.

"இது இன்னாம்மா?"

"எச்சரிக்கை சார். சாப்பிடறவங்களுக்கு."

"சாப்புடறவன் இருக்கட்டும். வாங்கறவன் இதப் படிச்சான்னா கீழ வெச்சிடுவான். மேசை போட்டு விக்கற என் பொண்ணுங்க வாயி ஒண்ணு சொல்லும், பாக்கெட்டு ஒண்ணு சொல்லும். பேஜாரு. இத எடுத்துடு, ரெண்டு கொறச்சிக்கறேன். இருபத்திரண்டு."

நான் யோசித்த நேரம் அவர் அடுத்த பஜ்ஜியை எடுத்து வாயில் போடும் நேரம்தான். "இருபத்தொண்ணுன்னா எடுத்துடறேன்" என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். வாய் நிறையப் பஜ்ஜியோடு சிரித்தார். "சரி, மூணு. கைய குடு."

அவருடைய விற்பனைப் பெண்கள் வாயால் என்ன சொல்வார்கள் என்று நான் கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்காமல் இல்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் நான் எழுந்து வர வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் கேட்காமல் இருந்தேன். கை கொடுத்தேன். ஷேர் ஆட்டோவில் வரும்போது துப்பட்டாவில் திரும்பத் திரும்பத் துடைத்தும் விரல் இடுக்கில் வெங்காய எண்ணெய் வாடை அடித்தது. வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு கீழே போய், "இருபத்தொண்ணு!" என்று கத்தினேன். ஓரகத்தி மாவுக் கையோடு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எதற்காகக் குறைத்தார் என்று அவள் கேட்கவில்லை. நான் நன்றாகப் பேசினேன் என்று நம்பினாள்.

புது லேபிள்கள் வந்த அன்று அவள்தான் பிரித்தாள். ஒன்றை எடுத்து, திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அக்கா, பின்னாடி அந்த ரெண்டு வரி விட்டுப்போச்சு. பிரஸ்காரர் தப்புப் பண்ணிட்டாரு பாருங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். "ஆமாம், விட்டுட்டாங்க போல" என்றேன். "அடுத்த லாட்டுல போட்டுக்கலாம்."

அவள் திருப்தியாகவில்லை. குழந்தைகளின் பென்சில் டப்பாவிலிருந்து மார்க்கர் எடுத்து, ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையால் எழுத ஆரம்பித்தாள். நாற்பது பாக்கெட் வரை எழுதியிருப்பாள். மாலையில் ஏஜென்சி வண்டி வரும், நேரமில்லை என்று சொல்லி மார்க்கரை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். எழுதியிருந்த நாற்பதையும் வண்டியில் ஏற்றவில்லை. வீட்டு உபயோகத்துக்கு என்று தனியே எடுத்து வைத்தேன்.

முதல் வாரம் சுமாராகப் போனது. இரண்டாம் வாரத்திலிருந்து வண்டி தினமும் வந்தது. வறுத்து முடியவில்லை, அரைத்து முடியவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் அணி முதலிடத்தில் இருந்தது. பம்மல்காரர்கள் ஒட்டிக்கொண்டே பின்னால் வந்தார்கள். இவ்வளவு பாக்கெட் எங்கேதான் போகிறது என்று எனக்கு ஆர்வம். பழைய வேலைப் புத்தி. மூன்றாம் வாரம், வண்டி ஓட்டி வருபவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். சிட்லபாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தைச் சொன்னார். "காலைல ஏழு மணிக்குப் போய்ப் பாருங்க மேடம், நல்லா போகும்" என்றார்.

போனேன். சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் போக இடமில்லாதவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு. ஓர் ஓரத்தில் சின்ன மேசை. அதன்மேல் எங்கள் பாக்கெட்டுகள். பின்னால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, வெள்ளைக் கோட்டும் பையில் நீலப் பேனாவுமாக நின்றிருந்தாள். பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள் அல்ல. ஆனால் பார்க்கிற யாருக்கும் டாக்டர் என்றுதான் தோன்றும்.

என்னை அவளுக்குத் தெரியாது. "அக்கா, உங்களுக்கு சுகர் இருக்கா? வீட்ல யாருக்காவது?" என்று கூப்பிட்டாள்.

"என் ஓரகத்திக்கு இருக்கு" என்றேன்.

"அப்போ இதைக் குடுங்க. அஞ்சு தலைமுறையா சித்த வைத்தியம் பாக்கற குடும்பம் செய்யறது. அந்தக் குடும்பத்துல ஒருத்தருக்குக்கூட சுகர் கிடையாதுக்கா. ஒரு மாசம் குடிச்சா மாத்திரையைப் பாதியாக்கிடலாம். மூணு மாசத்துல நிறுத்திடலாம்."

அழகாகச் சொல்லிக்கொண்டே என் கையில் பாக்கெட்டை வைத்தாள். அதே நேரம் என் பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், அறுபது வயதிருக்கும், ஒரு பாக்கெட் எடுத்துக்கொண்டார். "பாதி மாத்திரை இன்னியிலேர்ந்தே ஆரம்பிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். "ஆரம்பிக்கலாம் அங்கிள், கஞ்சியை மட்டும் விட்டுடாதீங்க" என்றாள்.

அவர் பணம் கொடுத்துவிட்டு வெளியே போனார். நான் அவர் பின்னால் ஓடினேன். தெருமுனையில் பிடித்தேன்.

"சார், மாத்திரையைக் குறைக்காதீங்க. அவங்க டாக்டர் இல்ல. இது வெறும் கஞ்சி மாவு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்தக் கம்பெனி?"

"நான் எந்தக் கம்பெனியும் இல்ல சார்..."

"இல்ல, போன வாரம் இப்படித்தான் வேற ஒருத்தர் வந்து, அது வாங்காதீங்க இது வாங்குங்கன்னு மால்ட் ஒண்ணு குடுத்தாரு. உங்க போட்டியெல்லாம் உங்களோட வெச்சுக்குங்கம்மா."

"இதைச் செய்யறதே நான்தான் சார்" என்றேன்.

அவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினாரோ என்னவோ. எழுதியிருக்கவில்லை. "செய்யறவங்களே வேணாம்ங்கறீங்க. அப்புறம் எதுக்கு விக்கறீங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மினி பஸ் வந்தது. பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். அவர் வீடு எங்கே, பெயர் என்ன, எதுவும் தெரியாது. பிறகு நாலைந்து நாள் அதே நேரத்துக்கு அங்கே போய் நின்றேன். அவரைப் பார்க்கவில்லை.

திரும்பி உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் நான் யாரென்று சொன்னேன். பயந்துபோனாள். கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"சார் சொல்லிக் குடுத்ததுதான்க்கா, நானா எதுவும் சொல்லல. எனக்குச் சம்பளம் கிடையாது, ஒரு பாக்கெட்டுக்கு இவ்ளோன்னுதான். கம்பெனில கமிஷனைக் கொறச்சிட்டாங்கன்னு போன மாசத்தவிட எங்களுக்கும் கொறச்சிட்டாரு. ரெண்டு மடங்கு வித்தாதான் பழைய காசு வரும். சும்மா கஞ்சி மாவுன்னு சொன்னா யாருக்கா வாங்குவா?"

கமிஷனைக் குறைத்த கம்பெனி நான்தான். அதை அவளிடம் சொல்லாமலே வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேராக ராஜகீழ்ப்பாக்கம் போனேன். ஏஜென்சிக்காரர் அப்போதுதான் வந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நிற்க வைத்தார். பிறகு நான் கத்தியதை எல்லாம் தலையாட்டிக்கொண்டு கேட்டார்.

"முடிச்சிட்டியாம்மா? தண்ணி குடி. இதோ பாரு, அந்த வரிய நீ எனக்கு வித்துட்ட. மூணு பர்சன்ட்டுக்கு. வித்த பொருள திரும்பக் கேட்டா இன்னா அர்த்தம்?"

"பொய் சொல்லச் சொல்லி நான் விக்கல."

"பின்ன எதுக்கு எடுக்கச் சொன்னேன்னு நெனச்ச? பாக்கெட்டு அழகா இருக்கணும்னா?" மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். பம்மல்காரர்களின் ஒப்பந்தம். "அவங்க பாக்கெட்லயும் இதே மாதிரி ஒண்ணு போட்டிருந்தாங்க. ரெண்டுக்கே எடுத்துட்டாங்க பாவம். நீ மூணு வாங்கின. கெட்டிக்காரி நீ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாராட்டியதுதான் உடம்பெல்லாம் ஊர்ந்தது. படி இறங்கும்போது டைல்ஸ் கடைக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, பார்க்காமல் வந்தேன்.

அன்று மதியம் ஓரகத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை முறத்தை நிறுத்தவில்லை. கத்துவாள், அழுவாள், காலைக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது இதுதான்:

"பிரஸ்காரரை போன் பண்ணித் திட்டினேன்க்கா. உங்களுக்கெல்லாம் பொறுப்பே கிடையாதான்னு கேட்டேன். அவரு பாவம், ஸாரி மேடம், ஸாரி மேடம்னு சொன்னாரு. தப்பே பண்ணாதவரு ஏன் ஸாரி சொன்னாருன்னு எனக்கு இப்போ புரியல."

பிறகு எழுந்து அடுப்பை அணைத்தாள். அன்றோடு மாவு அனுப்புவதை நிறுத்தினோம். சாயங்காலம் அவளே அச்சகத்துக்குப் போய், அந்த பிரஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். என்னைக் கூட வரச் சொல்லவில்லை.

ஏஜென்சியிடம் இருந்த பாக்கெட்டுகளை அவர் திருப்பித் தர மறுத்துவிட்டார். விட்டுப்போன வாக்கியத்தைத் தனி ஸ்டிக்கராக அடித்துக்கொண்டு, நாங்கள் இருவரும் ஒவ்வொரு பரிசோதனை நிலையமாகப் போனோம். மேடவாக்கத்தில் ஒன்றும் சேலையூரில் ஒன்றும் ஒட்ட விட்டார்கள். மற்ற இடங்களில் வாட்ச்மேனை விட்டு வெளியே அனுப்பினார்கள். சிட்லபாக்கத்தில் அந்தப் பெண் எங்களைக் கண்டதும் பாக்கெட்டுகளை மேசைக்கு அடியில் தள்ளினாள். சங்கத்தை நடத்தும் அம்மாவுக்கு போன் செய்தேன். "இன்னும் மூணே வாரம்தான்மா இருக்கு. இப்போ போய் நெகட்டிவா எதுவும் கிளப்பாதீங்க. ஸ்பான்சர் எல்லாம் வராங்க" என்றார். எழுத்தில் புகார் கொடுத்தேன். வந்து சேர்ந்தது என்று ஒரு கைகூப்பும் பொம்மையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

பரிசளிப்பு விழா சேலையூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். "போலாம்க்கா. புகார் குடுத்தோமே, என்ன பண்ணாங்கன்னு கேக்கலாம்" என்று ஓரகத்திதான் கிளப்பினாள். மேடையில் பெரிய திரை. வாசலில் பன்னீர் தெளித்தார்கள். அலமாரிப் பரிசு பம்மல்காரர்களுக்குப் போனது. அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஏஜென்சிக்காரர் முதல் வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து கை தட்டினார்.

அடுத்து, மிகக் குறைந்த கமிஷன் பேசி முடித்த அணி என்று எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். பாதியில் நிறுத்தினாலும் அந்த மதிப்பெண் எங்களுக்குத்தானாம். நான் மேடைக்குப் போனேன். ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கையில் கொடுத்து, நடுவர்களில் ஒருவர், கோட்டுப் போட்ட மனிதர், மைக்கை நீட்டினார். "எப்படி முடிச்சீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க மேடம். மத்தவங்க கத்துக்கட்டும்."

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். வாக்கியம் என்ன, அது ஏன் போடப்பட்டது, அதை எடுத்தால் எவ்வளவு குறைப்பதாக அவர் சொன்னது, நான் எவ்வளவு கேட்டது, பிறகு சிட்லபாக்கத்தில் பார்த்தது, மினி பஸ்ஸில் ஏறிப் போனவர். "நான் செய்தது கேவலம். இந்தப் பரிசு எனக்கு வேண்டாம்" என்று முடித்தேன்.

பிறகு கோட்டுக்காரர் மைக்கை வாங்கினார். "என்ன ஒரு நேர்மை! ஒரு கைதட்டு கொடுங்க. ஆனா இதுல இருக்கற பாடத்தைக் கவனிங்க. அவங்க கையிலிருந்து ஒரு ரூபா போகல. ஒரு வரியைக் கொடுத்து மூணு சதவீதம் வாங்கியிருக்காங்க. பேரத்துல காசில்லாத பொருளை எப்படிக் கொடுக்கறதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எழுதிக்குங்க."

கை தட்டினார்கள். நிஜமாகவே சிலர் எழுதிக்கொண்டார்கள். என் முன்னாலேயே, முதல் மூன்று வரிசைகளில், பேனா ஓடுவதைப் பார்த்தேன். ஏஜென்சிக்காரர் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். யாரோ ஒரு தொண்டர், மறந்துவிட்டேன் என்று நினைத்து, பின்னாலேயே ஓடிவந்து அதை என் கையில் திணித்தார்.

ஓரகத்தி மண்டப வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சாப்பிடாமல் கிளம்பினோம். கேம்ப் ரோடு வரை நடந்தோம். அவள் கால் வலிக்கும் என்று ஆட்டோவுக்குக் கை காட்டினேன். ஏறி உட்கார்ந்த பிறகு, "நீங்க சொன்னது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சுக்கா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா கேக்கும்போது, நீங்க ஏதோ விக்கற மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு அப்படிப் பேச வராது. தோன்றியதைச் சொன்னாள். கோப்பையை வழியிலேயே ஆட்டோவில் விட்டுவிட்டு இறங்கினேன்.

இப்போது அவள் தனியாக மாவு அரைக்கிறாள், எங்கள் காலனிக்குள் மட்டும். வறுக்கும்போது நான் உதவிக்குப் போனால் வேண்டாம் என்பதில்லை. ஆனால் யாரிடம் விற்பது, என்ன விலை, பாக்கெட்டில் என்ன எழுதுவது என்று எதையும் என்னிடம் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

விழா முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் காலை ஏஜென்சிக்காரர் போன் செய்தார்.

"இன்னாம்மா, நல்லா கீறியா? வேல கீல தேடிகினு கீறியாமே. நம்மகிட்ட வந்துடு. பொருளு எடுத்துகினு நெறைய லேடீஸ் வர்றாங்க, எல்லாம் இருபது தர்றேன், பதினஞ்சு தர்றேன்னு குந்திகினு அழுவுறாங்க. எனக்கு அவங்களாண்ட பேச தெம்பு இல்ல. நீ பேசு. நீ பேசினா படிஞ்சிடுவாங்க. சம்பளம் சிறுசேரில குடுத்ததுல பாதி தரேன், வூட்டாண்டயே வேல."

'ச்சீ' என்று வைத்திருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். அன்று முழுக்க யோசிக்கவும் செய்தேன். என் பெரிய பையனின் ஸ்கூல் ஃபீஸை யோசித்தேன். அங்கே போனால் அந்த வெள்ளைக் கோட்டை எல்லாம் நிறுத்திவிடலாம் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனைக்கும் பிறகு, சாயங்காலத்துக்குள், சம்பளத்தில் முக்கால் கேட்டுப் பார்க்கலாமா என்ற இடம் வரை வந்துவிட்டிருந்தேன்.

மறுநாள்தான் வேண்டாம் என்றேன். அதையும் போனில் சொல்லவில்லை, மெசேஜ்தான் அனுப்பினேன்.